நேற்றைய வெயிலில் இன்றைய குளியல்

கேட்கப்பட்டது இது: கோவைப் பக்கம் புதுவீடு கட்டுகிறோம், வீட்டில் நான்கு பேர். மொட்டை மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர் வைக்கலாம் என்று நினைக்கிறோம். கரண்ட்டும் இல்லாமல் மோட்டாரும் இல்லாமல் அது எப்படித் தண்ணீரைச் சூடாக்குகிறது? ராத்திரி முழுக்கச் சூடு எப்படி நிற்கிறது? கண்ணாடிக் குழாய் நல்லதா, செம்புத் தகடு நல்லதா? பக்கத்து வீட்டில் வைத்திருக்கிறார்கள், ஆனால் காலையில் வெந்நீரே வருவதில்லை என்கிறார்களே?

கடைசிக் கேள்வியைத்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன். இந்த வேலையில் இருக்கும் இத்தனை வருஷத்தில் "சோலார் சூடாகவில்லை" என்று கூப்பிட்ட வீடுகளில் பாதிக்கு மேல், மாடிக்குப் போய் டேங்க்கிலிருந்து நேராகத் தண்ணீர் பிடித்தால் கை வைக்க முடியாத சூடு. கோளாறு வெந்நீர் கீழே இறங்கி வரும் வழியில் இருக்கும். அதனால் ஹீட்டர் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லிவிட்டு, பைப் விஷயத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகவே நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் சூடாகும் விதம். ஒரு லிட்டர் தண்ணீர் 25 டிகிரியில் 997 கிராம் எடை. அதே ஒரு லிட்டர் 60 டிகிரியில் 983 கிராம்தான். லிட்டருக்கு 14 கிராம் வித்தியாசம். மோட்டார் செய்ய வேண்டிய வேலையை இந்த 14 கிராம்தான் செய்கிறது. வெயில் படும் பலகை கீழே, டேங்க் மேலே. பலகையில் சூடான தண்ணீர் எடை குறைந்து மேலே டேங்க்குக்கு ஏறுகிறது. டேங்க்கின் அடியில் கிடக்கும் குளிர்ந்த, கனமான தண்ணீர் அந்த இடத்தை நிரப்பக் கீழே இறங்குகிறது. வெயில் இருக்கும்வரை இந்தச் சுற்று ஓடிக்கொண்டே இருக்கும், மேகம் மறைத்தால் மெதுவாகும், பொழுது சாய்ந்தால் தானே நின்றுவிடும். சுவிட்ச் எதுவும் தேவையில்லை. டேங்க்கைப் பலகையைவிடக் கீழே வைத்தால் இந்தச் சுற்று ராத்திரியில் தலைகீழாக ஓடி, பகலில் சேர்த்த சூட்டை வானத்துக்கே திருப்பிக் கொடுத்துவிடும். ஹீட்டர் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் டேங்க் மேலே இருப்பதற்குக் காரணம் இதுதான்.

செம்புத் தகடு வகையில், கறுப்புப் பூச்சுப் பூசிய தகட்டின் மேல் மெல்லிய செம்புக் குழாய்கள் வரிசையாக ஒட்டப்பட்டிருக்கும். மேலே கெட்டிக் கண்ணாடி, அடியில் கண்ணாடிப் பஞ்சு, எல்லாம் ஒரு அலுமினியப் பெட்டிக்குள். தண்ணீர் ஒரு பைப்பில் கீழே வந்து, இந்தக் குழாய்கள் வழியாக ஏறி, வேறொரு பைப்பில் டேங்க்குக்குப் போகும்.

கண்ணாடிக் குழாய் வகையில் கொஞ்சம் அழகான தந்திரம் இருக்கிறது. ஒவ்வொரு குழாயும் உண்மையில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழாய். நடுவில் காற்றே இல்லை, வெற்றிடம். உள்குழாயின் வெளிப்பக்கம் கருநீலப் பூச்சு. வெயிலில் 90 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சிக்கொண்டு, சூட்டை மிகக் கொஞ்சமாகத்தான் வெளியே விடும் பூச்சு அது. அதாவது வெயிலை உள்ளே விடும், சூட்டை வெளியே விடாத ஒரு பிளாஸ்க். உள்ளே தண்ணீர் கொதிக்கிற நேரத்தில் வெளிக்கண்ணாடியைத் தொட்டுப் பாருங்கள், சுடாது. குழாயின் அடி மூடியிருப்பதால் போகவும் வரவும் ஒரே வழி. குழாய் சாய்ந்திருக்கிறது அல்லவா, சூடான தண்ணீர் மேல் சுவரை ஒட்டி ஏறும், குளிர்ந்தது கீழ்ச் சுவரை ஒட்டி இறங்கும். ஒரே குழாய்க்குள் இரண்டு ஓட்டம்.

குழாயின் அடி நுனியில் வெள்ளி மாதிரி ஒரு பளபளப்பு தெரியும். அழகுக்கு வைத்தது இல்லை. உள்ளே மிஞ்சியிருக்கும் காற்றைத் தின்பதற்காகப் பூசப்பட்ட பேரியம் அது. எங்காவது விரிசல் விட்டுக் காற்று புகுந்தால் அந்த வெள்ளி பால் வெள்ளையாக மாறிவிடும். மாடிக்குப் போகும்போது ஒரு பார்வை பார்த்தால் போதும், எந்தக் குழாய் செத்துவிட்டது என்று தெரிந்துவிடும். மெக்கானிக் வந்து சொல்ல வேண்டியதில்லை.

இதெல்லாம் எவ்வளவு சூட்டைத் தரும்? 100 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 4 யூனிட் கரண்ட் அளவு சக்தி வேண்டும். நம் பக்கம் ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளில் விழும் வெயில், வருஷச் சராசரியாக 5 யூனிட்டை ஒட்டி. 100 லிட்டர் செம்புத் தகடு ஹீட்டரின் பலகை 2 சதுர மீட்டர். ஆக விழுவது 10 யூனிட், தண்ணீருக்குள் போனால் போதுமானது 4. கண்ணாடியில் பட்டுத் திரும்புவது, காற்றில் போவது எல்லாம் கழிந்தும் கணக்கு சரியாக வருகிறது. கண்ணாடிக் குழாயில் இழப்பு குறைவு, அதனால் அதற்கு இன்னும் சின்ன பரப்பே போதும். நம் மின் கட்டணம் இரண்டு மாதக் கணக்கு, அடுக்கு அடுக்காக ஏறுவது. கீசரில் மிச்சமாகும் யூனிட் உங்கள் பில்லில் மேல் அடுக்கிலிருந்து, அதாவது விலை கூடிய யூனிட்டிலிருந்து கழியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ராத்திரிச் சூடு பற்றி. 1891இல் அமெரிக்காவில் கிளாரன்ஸ் கெம்ப் என்பவர் கறுப்பு டேங்க்குகளைக் கண்ணாடி மூடிய பெட்டிக்குள் வைத்து விற்றார். சாயங்காலம் நல்ல சூடு, விடிந்தால் பச்சைத் தண்ணீர். வெயிலை வாங்குவதும் சூட்டைச் சேர்த்து வைப்பதும் ஒரே பாத்திரமாக இருந்ததுதான் கோளாறு. 1909இல் கலிபோர்னியாவில் வில்லியம் பெய்லி இரண்டையும் பிரித்தார். பலகை தனி, கம்பளி போர்த்திய மாதிரிக் காப்பிட்ட டேங்க் தனி. அதற்கு அவர் வைத்த பெயரே 'பகலும் இரவும்'. இன்று உங்கள் மாடிக்கு வரப்போவதும் அந்த அமைப்புதான். கம்பளிக்குப் பதில் இரண்டு அங்குலம் கனத்துக்கு பஃப் நுரை. நல்ல டேங்க்கில் ஒரு ராத்திரிக்கு ஐந்து, எட்டு டிகிரிதான் இறங்கும்.

ஆகவே காலையில் நீங்கள் குளிப்பது நேற்றைய வெயிலில். இதை மனதில் வைத்தால் பாதிக் குழப்பம் தீரும். இன்று மழை பெய்தால் இன்று காலைக் குளியலுக்கு ஒன்றும் ஆகாது, நாளைக்குத்தான் அடி. ராத்திரி பத்து மணிக்கு யாராவது இரண்டு வாளி வெந்நீர் பிடித்தால், அந்த இடத்தில் வந்து சேரும் பச்சைத் தண்ணீரைச் சூடாக்க விடியும்வரை ஆளில்லை. கோவையில் மார்கழிக் குளிர் பிரச்சினையே இல்லை, பகலில் நல்ல வெயில் அடிக்கும். ஆடிச் சாரலும் ஐப்பசி அடைமழையும்தான் சோதனை.

எத்தனை லிட்டர் வாங்குவது என்பதற்குத் தலைக்கு இவ்வளவு என்று கடையில் ஒரு கணக்குச் சொல்வார்கள். நான் வேறு மாதிரி கேட்பேன்: வாளியா, ஷவரா? 60 டிகிரி வெந்நீரை 25 டிகிரித் தண்ணீரோடு விளாவி 40 டிகிரியில் 20 லிட்டர் வாளி நிரப்ப, வெந்நீர் 9 லிட்டர் கூட வேண்டாம். ஆளுக்கு ஒன்றரை வாளி என்றால் நான்கு பேருக்கு 52 லிட்டர். 100 லிட்டர் ஹீட்டர் தாராளம். ஷவர் என்றால் கதை வேறு. நிமிஷத்துக்கு 9 லிட்டர் கொட்டும் ஷவரில் எட்டு நிமிஷம் நின்றால் 72 லிட்டர், அதில் வெந்நீர் 31 லிட்டர். நான்கு பேருக்கு 124. வெந்நீர் மேலிருந்து எடுக்க எடுக்க அடியில் பச்சைத் தண்ணீர் புகுந்து கலப்பதால், டேங்க்கின் கடைசிச் சொட்டுவரை சூடாக வராது. அந்த வீட்டுக்கு 200 லிட்டர் வேண்டும். வளர்ந்த பிள்ளைகள் இருந்தால் கணக்குப் போடாமலேயே 200 வாங்கிவிடுங்கள்.

சரி, கண்ணாடியா செம்பா? கோவையில் இதைத் தீர்மானிப்பது தண்ணீர். நம் வீடுகளில் நல்லதண்ணி லைன் தனி, உப்புத்தண்ணி லைன் தனி. குளியலறைக்குப் போவது பெரும்பாலும் உப்புத்தண்ணி, அதாவது போர்வெல் தண்ணீர். சிறுவாணித் தண்ணீர் மாதிரி மெல்லிய தண்ணீரை மாடி டேங்க்குக்கு ஏற்றும் வீடாக இருந்தால் செம்புத் தகடு வாங்குங்கள், கல்லெறி தவிர எதற்கும் அசையாது, இருபது வருஷம் ஓடும். போர் தண்ணீர் என்றால் யோசிக்க வேண்டும். தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு சூடானதும் பிரிந்து கெட்டியாகப் படியும். இட்லிப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் பிடிக்கிறதே, அதேதான். குடிநீருக்கான இந்தியத் தரம் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு வழியில்லை என்றால் 600 வரை என்கிறது. போர்களில் 500ஐத் தாண்டுவது புதிதல்ல. பேச்சுக்கு 300 என்றே வையுங்கள். தினம் 100 லிட்டர் சூடாகி, அந்த உப்பில் பத்தில் ஒரு பங்கு மட்டும் படிந்தால்கூட வருஷத்துக்கு ஒரு கிலோ சுண்ணாம்பு. செம்புக் குழாயின் துவாரமோ அரை அங்குலம். மூன்று நான்கு வருஷத்தில் கொழுப்படைத்த ரத்தக் குழாய் மாதிரி ஆகிவிடும். கண்ணாடிக் குழாயின் துவாரம் அகலம், படிவது அடியில் போய் உட்காரும், கழற்றிக் கழுவலாம், உடைந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். விலையும் குறைவு. ஆகவே போர் தண்ணீருக்குக் கண்ணாடிக் குழாய் என்பதே என் பதில். பறக்கும் தேங்காய் மட்டையும் கிரிக்கெட் பந்தும் அதற்கு எமன், அதை மறைக்கவில்லை.

டேங்க்குக்கும் உப்பு எதிரிதான். துருப்பிடிக்காத எஃகு என்று விற்கப்படும் டேங்க்கூட, குளோரைடு கூடிய சூடான தண்ணீரில் ஊசி முனை ஓட்டைகள் விடும், முக்கியமாக வெல்டிங் ஓரத்தில். அதற்காக உள்ளே ஒரு மெக்னீசியக் கம்பி வைத்திருப்பார்கள். டேங்க்கை அரிக்க வருவதைத் தன் மேல் வாங்கிக்கொண்டு கரையும் பலியாடு அது. கரைந்து தீர்ந்துவிட்டால் அடுத்த பலி டேங்க்தான். உப்புத்தண்ணி வீட்டில் வருஷத்துக்கு ஒருமுறை கழற்றிப் பாருங்கள். வாரண்டி அட்டையில் இதைச் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், விற்கும்போது வாயால் சொல்ல மாட்டார்கள்.

இனி பக்கத்து வீட்டுக்காரர் விஷயம். அவரைச் சாயங்காலம் நாலு மணிக்கு மாடிக்குப் போய், டேங்க்கிலிருந்து நேராக ஒரு சொம்பு பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள், கையைச் சுட்டுக்கொள்ளாமல். அங்கேயே வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது என்றால் நிழல், அழுக்கு, செத்த குழாய் என்று தேடலாம். அங்கே சூடு, கீழே பச்சை என்றால், நான் பார்த்தவரை காரணங்கள் இவை.

முதலாவது மிக்சர், அதாவது வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து விடும் குழாய். இப்போது பல வீடுகளில் ஷவர் வேகமாக வர வேண்டும் என்று பச்சைத் தண்ணீர் லைனில் பிரஷர் பம்ப் போடுகிறார்கள். வெந்நீரோ டேங்க்கிலிருந்து தன் எடையில் மட்டும் இறங்கி வருகிறது. இரண்டும் மிக்சரில் சந்திக்கும்போது பலசாலி ஜெயிப்பான். பச்சைத் தண்ணீர் வெந்நீர் லைனுக்குள் புகுந்து எதிர்த்திசையில் ஏறிவிடும். இதில் மோசமானது, ஹேண்ட் ஷவரை நுனியில் மட்டும் மூடிவிட்டு மிக்சரின் இரண்டு பிடிகளையும் திறந்தே விட்டுவிடும் பழக்கம். வெளியே ஒரு சொட்டு வராது. உள்ளே ராத்திரி முழுக்கப் பச்சைத் தண்ணீர் சோலார் டேங்க்குக்கு ஏறிக்கொண்டிருக்கும். காலையில் பழி வெயில் மேல். சரியான வழி, சோலாருக்கும் குளியலறைப் பச்சைத் தண்ணீருக்கும் ஒரே மாடி டேங்க்கிலிருந்து லைன் எடுப்பது. பம்ப் வேண்டும் என்றே அடம் பிடித்தால் வெந்நீர் லைனில் திரும்பாத வால்வு ஒன்று போட்டே ஆக வேண்டும், வெந்நீர் வேகம் குறைவாகத்தான் இருக்கும் என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது காற்றடைப்பு. டேங்க்கிலிருந்து வரும் வெந்நீர் பைப் கைப்பிடிச் சுவரைத் தாண்டுவதற்காக ஒரு முழம் மேலே ஏறி மறுபடி இறங்கும். அந்த வளைவில் வெந்நீரிலிருந்து பிரியும் காற்று போய் உட்கார்ந்துகொள்ளும். தண்ணீருக்கு அதைத் தள்ளும் பலம் இல்லை. பைப் டேங்க்கிலிருந்து கீழ்நோக்கியே போக வேண்டும், சுவரில் ஓட்டை போட்டாவது. புதுவீடு என்பதால் உங்களுக்கு இது சுலபம். தளம் போடும்போதே எலக்ட்ரீஷியனுக்கு யோசிக்கிற மாதிரி இதற்கும் யோசியுங்கள்.

மூன்றாவது தூரம். முக்கால் அங்குல பைப்பில் 15 மீட்டருக்கு நான்கு லிட்டரை ஒட்டித் தண்ணீர் நிற்கும். காலையில் முதலில் வருவது அதுதான், ராத்திரி ஆறிப்போனது. சிலர் இரண்டு சொம்பு பிடித்துப் பார்த்துவிட்டு "வெந்நீர் வரவில்லை" என்று கீசரைப் போட்டுவிடுகிறார்கள். குளியலறைகளை ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டி, ஹீட்டரை நேர் மேலே வைத்தால் இது பாதியாகும். வெந்நீருக்கு சிபிவிசி பைப், அதற்கு மேல் நுரைக் குழல் உறை. சாதாரண பிவிசி வெந்நீரில் தளர்ந்து தொங்கும். மிச்சம் பிடிக்கிறேன் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

உயரக் கணக்கும் இதோடு சேர்ந்ததுதான். மாடி டேங்க்கின் அடிமட்டம், சோலார் டேங்க்கின் மேல்மட்டத்தைவிட உயரத்தில் இருக்க வேண்டும். கண்ணாடிக் குழாய் ஹீட்டர் என்றால் மாடி டேங்க்குக்குச் சுமார் ஏழு அடி மேடை வேண்டியிருக்கும். இதைக் கட்டும்போதே மேஸ்திரியிடம் சொல்லாவிட்டால் பின்னால் இரும்பு ஸ்டாண்டுக்குச் செலவு செய்ய வேண்டிவரும்.

சோலார் டேங்க்கின் மேல் ஒரு குழாய் சும்மா நீட்டிக்கொண்டிருக்கும், ஏர் வென்ட். மாடி டேங்க்கின் நீர்மட்டத்துக்கு மேல் அது போய் முடிய வேண்டும், எப்போதும் திறந்திருக்க வேண்டும். என் சொந்த வீட்டில் இதில் ஏமாந்தேன். குளவி ஒன்று அதன் வாயில் மண்கூடு கட்டியிருந்ததை நான் பார்க்கவில்லை. மாடி டேங்க் கழுவுவதற்காக, அதிலிருந்து சோலாருக்குப் போகும் லைனின் கேட் வால்வை மூடினேன். அதே நேரம் கீழே யாரோ வெந்நீர்க் குழாயைத் திறந்திருக்கிறார்கள். பைப்பில் ஆறு மீட்டர் உயரத்துக்கு நின்ற தண்ணீர் கீழே இறங்க இறங்க, மேலே டேங்க்குக்குள் காற்று போக வழியில்லை. அரை வளிமண்டலத்துக்கும் மேலான உறிஞ்சல். தகர டப்பாவைக் காலால் மிதித்த சத்தம் கேட்டது. வெளி உறை பளபளவென்று அப்படியே இருக்க, உள்டேங்க் சப்பி ஒழுக ஆரம்பித்துவிட்டது. இந்தத் தொழிலில் இருந்துகொண்டு இப்படி. அதற்குப் பிறகு வென்ட் வாயில் ஒரு துண்டு கொசுவலையைக் கட்டி வைத்திருக்கிறேன்.

இடம் பார்ப்பதில் ஒரு விஷயம். பலகை தெற்கு பார்க்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் நிழல் பார்ப்பதைச் சித்திரையில் செய்துவிடுகிறார்கள். அப்போது கோவையில் நடுப்பகல் சூரியன் உச்சந்தலைக்கு மேல், நிழலே இருக்காது. மார்கழியில் அதே சூரியன் தெற்கே சாய்ந்து 56 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். தெற்கே பத்தடிச் சுவர் இருந்தால் நடுப்பகலிலேயே ஏழடி நிழல், காலை பத்து மணிக்கு இன்னும் நீளம். வெந்நீர் தேவைப்படுவது மார்கழியில். ஆகவே தெற்குப் பக்கத்துக் காலி மனையில் நாளை எத்தனை மாடி எழும்பும் என்பதையும் யோசித்து இடம் பிடியுங்கள்.

பராமரிப்பு அதிகமில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அடி வால்வைத் திறந்து வண்டலை வெளியேற்றுங்கள், குழாய்களைத் துடையுங்கள். ஒன்றே ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: வெயிலில் காலியாகக் கிடக்கும் கண்ணாடிக் குழாய்க்குள் தண்ணீர் விடுவது. காலிக் குழாயின் உட்புறம் 200 டிகிரியைத் தாண்டியிருக்கும், பச்சைத் தண்ணீர் பட்டதும் வரிசையாகப் படபடவென்று வெடிக்கும். கழுவுவதும் நிரப்புவதும் விடியற்காலையில், இல்லை பொழுது சாய்ந்த பிறகு. கோடையில் ஒரு வாரம் ஊருக்குப் போனால் பாதிக் குழாய்களை ஒரு பழைய தார்ப்பாயால் மூடிவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் தண்ணீர் கொதித்து வென்ட் வழியாக ஆவியாகக் கக்கிக்கொண்டிருக்கும், திரும்பி வந்து முதலில் குழாயைத் திறப்பவருக்கு அபாயம். குழந்தைகள் இருந்தால் வாளியில் பச்சைத் தண்ணீரை முதலில் பிடித்துவிட்டு அப்புறம் வெந்நீரை விளாவும் பழக்கத்தை வையுங்கள்.

மழைக்காலத்துக்காக டேங்க்குக்குள்ளேயே 2 கிலோவாட் காயில் ஒன்று வைத்துத் தருவார்கள். வாங்கலாம், ஆனால் 200 லிட்டரையும் பச்சையிலிருந்து சூடாக்க அதற்கு நான்கு மணி நேரமும் 8 யூனிட்டும் பிடிக்கும். தெர்மோஸ்டாட் இருக்கிறதே என்று சுவிட்சை எப்போதும் போட்டே வைத்திருந்தால், ராத்திரியே கரண்ட் தண்ணீரைச் சூடாக்கி வைத்துவிடும், விடிந்ததும் வெயிலுக்கு வேலை இருக்காது. குளியலறையில் சின்ன கீசர் ஏற்கனவே இருந்தால் காயிலுக்குப் பணம் போடாதீர்கள். மழை நாளில் அந்தக் கீசரைப் பத்து நிமிஷம் போட்டுக்கொள்ளுங்கள். காயில் வாங்கியே ஆக வேண்டும் என்றால் அதன் சுவிட்சை மாடியில் வைக்காமல் கீழே, கண்ணில் படும் இடத்தில், சிவப்பு விளக்கு எரிகிற மாதிரி வைக்கச் சொல்லுங்கள்.